சுவர் இதழைக் கழற்றினார்கள், இப்போது உறுதிமொழிப் படிவம் கேட்கிறார்கள்: கையெழுத்துப் போடலாமா?

பச்சை_இலை:

வணக்கம். நீலகிரியில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எந்தக் கல்லூரி என்று மட்டும் கேட்காதீர்கள்.

எங்கள் துறை வாசலில் ஒரு மரப்பலகை உண்டு. மாதம் ஒருமுறை கையால் எழுதிய சுவர் இதழை அதில் ஒட்டுவோம். சீனியர்கள் காலத்திலிருந்து நடப்பதுதான். பெரும்பாலும் கவிதை, சினிமா, ஆசிரியர் தின வாழ்த்து. போன மாதம் பசுந்தேயிலை விலையை எடுத்துக்கொண்டோம். தேயிலை வாரியம் மாவட்டத்துக்கு அறிவித்த மாத விலை ஒரு பக்கம். எங்கள் வகுப்பில் சிறு விவசாயி வீட்டுப் பிள்ளைகள் கொண்டுவந்த ஃபேக்டரி ரசீதில் இருந்த விலை இன்னொரு பக்கம். அடியில், "நடுவில் இருக்கும் பணம் எங்கே போகிறது?" என்று ஒரு கேள்வி. எந்த ஃபேக்டரியின் பெயரும் போடவில்லை. ஒட்டிய அன்று மாலையே பலகை காலி. நிர்வாகக் குழுவில் இருக்கும் ஒருவருக்குத் தேயிலை ஃபேக்டரி உண்டு என்று அப்புறம் சொன்னார்கள்.

அடுத்த வாரம் எல்லா வகுப்புக்கும் ஒரு சர்க்குலர். போஸ்டர், சுவர் இதழ், துண்டறிக்கை எதுவானாலும் முதல்வரின் முன் அனுமதி வேண்டும். "கல்லூரியின் நற்பெயருக்குக் களங்கம் விளைவிக்கும்" எதையும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலோ இன்ஸ்டாவிலோ போடக் கூடாது. பத்திரிகைக்காரர்களிடம் பேசக் கூடாது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் யார் எதைப் போட்டாலும் அட்மின் பொறுப்பு. மீறினால் ஹால் டிக்கெட் கிடையாதாம். இத்தனைக்கும் சம்மதம் என்று ஒரு உறுதிமொழிப் படிவம், கீழே அப்பா அல்லது அம்மா கையெழுத்து. வெள்ளிக்கிழமைக்குள் தர வேண்டும்.

வகுப்பில் முக்கால்வாசிப் பேர் கொடுத்துவிட்டார்கள். நான் இன்னும் கொடுக்கவில்லை. இப்படி எழுதி வாங்க அவர்களுக்கு உரிமை உண்டா? கொடுக்காவிட்டால் பரீட்சை எழுதவிடாமல் செய்ய முடியுமா?

மஞ்சூர்_கடைசி_பஸ்:

போட்டுக் கொடுத்துவிட்டு வேலையைப் பாரும்மா. நான் படித்த காலத்திலும் வருஷா வருஷம் ஏதாவது ஒன்றில் கையெழுத்து வாங்குவார்கள். எதில் போட்டேன் என்று இன்றுவரை தெரியாது. இன்டர்னல் மார்க் அவர்கள் கையில். டி.சி.யில் நடத்தை 'நன்று' என்று எழுதுவதும் அவர்கள் கையில். சட்டம் பேசி ஜெயித்தாலும் அந்த இரண்டையும் அவர்களிடம்தான் வாங்க வேண்டும்.

குன்னூர்_வக்கீல்:

மஞ்சூர்க்காரர் சொல்வது நடைமுறை, மறுக்கவில்லை. ஆனால் தங்கை கேட்டது சட்டம். அதைச் சொல்லிவிடுகிறேன்.

பேச்சுரிமை, அரசியலமைப்பின் 19(1)(அ). அதற்கு எல்லை போடலாம், ஆனால் 19(2) சொல்லும் காரணங்களுக்காக மட்டும்: நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, அயல்நாட்டு உறவு, பொது ஒழுங்கு, கண்ணியம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல். கல்லூரியின் நற்பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. அவதூறு என்ற வாசல் வழியாக அதை உள்ளே கொண்டுவரப் பார்ப்பார்கள். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் அவதூறுக்கு விதிவிலக்குகள் உண்டு. பொது நன்மைக்காகச் சொன்ன உண்மைதான் அதில் முதலாவது. ரசீதைப் பார்த்து எழுதிய விலைப்பட்டியல், அதிலும் யார் பெயரும் இல்லை. அதை அவதூறு என்று நிரூபிக்கப் புறப்படுகிறவரைப் பார்க்க எனக்கே ஆசையாக இருக்கிறது.

'களங்கம் விளைவிக்கும்' என்றால் எது? கேன்டீன் சாம்பார் தண்ணீராக இருக்கிறது என்று ஸ்டேட்டஸ் போட்டால் களங்கமா? 2015-இல் ஷ்ரேயா சிங்கல் வழக்கில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததற்கு ஒரு முக்கியக் காரணம், அதிலிருந்த 'எரிச்சலூட்டும்', 'தொந்தரவு தரும்' மாதிரியான சொற்களுக்கு எல்லையே இல்லை என்பது. நாடாளுமன்றம் போட்ட சட்டத்துக்கே அந்தக் கதி.

இதைவிட உங்களுக்கு நேரடியாக உதவுவது 1986-இல் வந்த பிஜோ இம்மானுவேல் தீர்ப்பு. கேரளத்தில் மூன்று பிள்ளைகள். தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் மத நம்பிக்கை காரணமாகப் பாடவில்லை. பள்ளி வெளியேற்றியது. உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அதில் பலரும் கவனிக்காத ஒரு பகுதி உண்டு: கல்வித் துறை காட்டிய சுற்றறிக்கைகளுக்குச் சட்ட பலம் இல்லை, 19(2)-இன் கீழ் உரிமையைக் கட்டுப்படுத்த வேண்டுமென்றால் அதற்குச் சட்டம் வேண்டும், துறை உத்தரவு போதாது. ஆகவே முதல் கேள்வி, "இந்த சர்க்குலர் எந்த விதியின் கீழ் வந்தது?" என்பதுதான்.

உங்களுடையது அரசுக் கல்லூரி என்றால் இவ்வளவையும் நேராகப் பேசலாம். தனியார் என்றால் "நாங்கள் அரசு இல்லை" என்பார்கள். 2023 ஜனவரியில் கௌஷல் கிஷோர் வழக்கில் அரசியல் சாசன அமர்வின் பெரும்பான்மை நீதிபதிகள், 19, 21 பிரிவுகளின் உரிமைகளைத் தனியாருக்கு எதிராகவும் கோரலாம் என்றார்கள். அது எவ்வளவு தூரம் போகும் என்பது வழக்கு வழக்காகத்தான் தெளியும். கல்வி பொதுக்கடமை என்பதால் அரசியலமைப்பின் 226-இன் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடும் வழி ஏற்கெனவே இருக்கிறது.

அட்மின் பொறுப்பு என்பது வெறும் மிரட்டல். குழுவில் வேறொருவர் போட்டதற்கு, அட்மின் என்ற ஒரே காரணத்தால் ஒருவரைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021-லேயே சொல்லிவிட்டது.

பயத்தில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு: அடிப்படை உரிமையை எழுதிக் கொடுத்து இழக்க முடியாது. 1959-இல் பஷேஷர் நாத் வழக்கிலிருந்து வரும் நிலை அது. தூக்கம் கெட வேண்டாம்.

கோத்தகிரி_தகப்பன்:

எனக்கும் கல்லூரியில் ஒரு மகள் இருக்கிறாள். அந்தப் படிவம் என் கைக்கு வந்தால் நான் கையெழுத்துப் போடுவேன். ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

2018 ஜூலையில் எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் அபிமன்யு என்ற பையனைக் குத்திக் கொன்றார்கள். இடுக்கி வட்டவடைப் பையன். தமிழ் பேசுகிற ஏழை வீட்டுப் பிள்ளை. சண்டை எதில் ஆரம்பித்தது? கல்லூரிச் சுவரில் யார் எழுதுவது என்பதில். முதலில் போஸ்டர், அப்புறம் கொடி, அப்புறம் கத்தி. பெற்றவனுக்கு அந்த வரிசைதான் கண்ணுக்குத் தெரியும். அதே கேரளத்தில் உயர் நீதிமன்றமே 2003-இல், வளாகத்துக்குள் அரசியலைத் தடுக்கக் கல்லூரிக்கு உரிமை உண்டு என்று சொல்லியிருக்கிறது. வக்கீல் சார் அதைச் சொல்லவில்லை.

எங்கள் ஹட்டியில், அதாவது ஊரில், பெண் பிள்ளைகளைக் கோயம்புத்தூருக்கு அனுப்பாமல் மலையிலேயே சேர்க்கிறோம் என்றால், சத்தமில்லாத இடம் என்றுதான் சேர்க்கிறோம். அனுமதி கேட்டு எழுது என்கிறார்கள். கேட்டால் என்ன குறைந்துவிடும்?

கொடை_ஆய்வு:

அண்ணா, வட்டவடை எங்கள் மலைக்கு அந்தப் பக்கம்தான். பேரிஜம் காட்டைத் தாண்டினால் அவர்கள் ஊர். அந்தச் சாவை நாங்களும் மறக்கவில்லை. ஆனால் அங்கே குத்தியவர்கள் மேல் கொலை வழக்குப் போட்டார்கள், அதற்குச் சட்டம் இருக்கிறது. பசுந்தேயிலை விலைப்பட்டியலில் கட்சி எங்கே வந்தது?

கட்சி பயத்துக்கு ஏற்கெனவே ஒரு மருந்து எழுதி வைத்திருக்கிறார்கள். லிங்டோ கமிட்டி. 2006-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. மாணவர் தேர்தலில் ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது, கட்சிப் பணம் வாங்கக் கூடாது, அச்சடித்த போஸ்டர் கூடாது. கையால் எழுதியதை, முன்கூட்டியே அறிவித்த இடங்களில் ஒட்டலாம். கவனியுங்கள், அவ்வளவு கறாரான கமிட்டியே கையால் எழுதிய போஸ்டரை விட்டுவைத்திருக்கிறது. தங்கை ஒட்டியதும் கையால் எழுதியது, அதற்கென்று இருந்த பலகையில். தமிழ்நாட்டில் பெரும்பாலான கல்லூரிகளில் தேர்தலே கிடையாது. மார்க் பார்த்து வகுப்புப் பிரதிநிதியை நியமிப்பார்கள், அவருக்கு வேலை மைக் வாடகை பேசுவது. கமிட்டியின் 'கூடாது' மட்டும் எல்லாக் கல்லூரிக்கும் வந்து சேர்ந்தது, 'ஒட்டலாம்' வந்து சேரவில்லை.

இன்னொன்று. சத்தமில்லாத இடம் என்றீர்கள். சமவெளியில் நான் இளங்கலை படித்த விடுதியில் மாலை ஆறு மணிக்கு போனை வார்டனிடம் கொடுத்துவிட வேண்டும். பெற்றோர் கையெழுத்தோடு அதற்கும் ஒரு படிவம். ஆண்கள் விடுதியில் கிடையாது. கோழிக்கோடு பக்கம் ஒரு கல்லூரியில் இதே மாதிரி விதிக்கு ஃபஹீமா ஷிரின் என்ற மாணவி ஒப்பவில்லை. விடுதியைவிட்டு வெளியேற்றினார்கள். 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், இணைய வசதி கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று சொல்லி, அவரைத் திரும்பச் சேர்க்க உத்தரவு போட்டது. வழக்குப் போட்டபோது அந்தப் பெண்ணின் அப்பா கூட நின்றார். அதையும் பாருங்கள் அண்ணா.

கூடலூர்க்காரன்:

எங்கள் கதையையும் கேளுங்கள். தாத்தா 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்தவர். அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில்தான், நாங்கள் வளர்ந்தோம். ஆண்டு விழாவுக்கு, ஓய்வு பெற்றதும் லயன் வீட்டைக் காலி செய்யச் சொன்னால் ஒரு குடும்பம் எங்கே போகும் என்று ஒரு நாடகம் தயார் செய்தோம். கால் மணி நேர நாடகம். ஸ்கிரிப்டைக் காட்டச் சொன்னார்கள், காட்டினோம். "அரசியல் வேண்டாம், நாட்டுப்புற நடனம் போடுங்கள்" என்றார்கள். அம்மா கொழுந்து பறிப்பதை நடனமாக ஆடினால் கலை. அதே அம்மா வீட்டைப் பற்றிப் பேசினால் அரசியல். எழுத்தில் ஒன்றும் தரவில்லை, வாயால்தான் எல்லாம்.

ஓய்வு_வாத்தியார்:

நான் 1965-இல் பி.யூ.சி. மாணவன். இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடந்த வருஷம். ஜனவரி 27 அன்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் போலீஸ் சுட்டதில் ராஜேந்திரன் என்ற மாணவர் இறந்தார். அந்தச் செய்தி வந்த நாளின் வகுப்பறை இன்னும் நினைவிருக்கிறது. அதற்கடுத்த 1967 தேர்தலில் விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்தவர், அந்தப் போராட்டத்தில் மாணவர் தலைவராக இருந்த பெ. சீனிவாசன். மாணவர் போராட்டத்தின் தோள்மேல் ஏறிக் கோட்டைக்குப் போனவர்கள் அங்கே போனதும் முதலில் செய்தது, ஏணியை உள்ளே இழுத்துக்கொண்டது. எந்தக் கட்சி ஆண்டாலும் இதில் மாற்றமில்லை. இது என் அபிப்பிராயம், யார் கோபித்தாலும் சரி.

ஆசிரியர் அறையில் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இந்த மாதிரித் தடைகளில் கொள்கை என்று ஒன்றும் இருக்காது. எங்கிருந்தோ ஒரு போன் வரும். அதைக் கேட்டு முதல்வர் பயப்படுவார், அவரைப் பார்த்துத் துறைத்தலைவர் பயப்படுவார். துறைத்தலைவர் அட்டெண்டரை அனுப்பிப் பலகையைக் காலி செய்வார். காரணத்தை அப்புறம் தேடுவார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் 2015 மே மாதம் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரத்தை ரத்து செய்தார்களே, ஆரம்பம் ஒரு அநாமதேயக் கடிதம். அது டெல்லிக்குப் போய், அமைச்சகத்திலிருந்து ஐ.ஐ.டி.க்கு வந்தது. சலுகையைத் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்று காரணம் எழுதினார்கள். மாணவன் பேசுவது அவர்கள் கணக்கில் சலுகை. நாடெங்கும் பேச்சானதும் ஜூன் 7-ஆம் தேதி அங்கீகாரத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

பாடத்திட்டமும் தப்பவில்லை. 2020-இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் அருந்ததி ராயின் ஒரு நூலை எம்.ஏ. ஆங்கிலப் பாடத்திலிருந்து எடுத்தது, ஒரு மாணவர் அமைப்பு புகார் கொடுத்தது என்று. ஆகவே தடை கேட்பதில் மாணவர்களும் சளைத்தவர்கள் இல்லை. 2023 ஜூனில் சேலம் பெரியார் பல்கலைக்கழகம், ஆளுநர் வரும் பட்டமளிப்பு விழாவுக்குக் கறுப்பு உடையில் வராதீர்கள் என்று சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றது. பெரியார் பெயர் வைத்த இடத்தில் கறுப்புக்குத் தடை! அந்தச் சுற்றறிக்கையை டைப் செய்தவர் ஒரு நிமிஷமாவது சிரித்திருப்பார் என்று நம்புகிறேன்.

ஆனால் 2025 ஆகஸ்டில் அதே மனோன்மணியம் பல்கலைக்கழக விழாவில் ஒரு ஆய்வு மாணவி ஆளுநரைக் கடந்து போய்த் துணைவேந்தரிடம் பட்டம் வாங்கினார். அதைத் தடுக்க எந்தப் படிவத்தாலும் முடியவில்லை.

சியாட்டில்_அருவங்காடு:

நான் அருவங்காட்டுக்காரன், இப்போது அமெரிக்காவில். கறுப்பு என்றதும் இங்கத்திய வழக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது. 1965 டிசம்பரில், நம் ஊர்ப் போராட்டம் நடந்த அதே வருஷம், அயோவா மாநிலத்தில் சில பள்ளிப் பிள்ளைகள் வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனார்கள். பள்ளி சஸ்பெண்ட் செய்தது. 1969-இல் உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்று பிள்ளைகள் பக்கம் தீர்ப்பு சொன்னது. டிங்கர் வழக்கு என்பார்கள். வகுப்பு நடப்பதற்குப் பெரிய இடைஞ்சல் வரும் என்று பள்ளி காட்ட வேண்டும், வெறும் பயம் போதாது. 1972-இல் ஹீலி வழக்கில், மாணவர் அமைப்பின் கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக அரசுக் கல்லூரி அங்கீகாரத்தை மறுக்க முடியாது என்றும் சொன்னார்கள்.

அதற்காக இங்கே பாலும் தேனும் ஓடுகிறது என்று நினைக்க வேண்டாம். அந்தத் தீர்ப்புகள் அரசுப் பல்கலைக்கழகங்களைத்தான் கட்டும், தனியாரைக் கட்டாது. கலிபோர்னியா மட்டும் 1992-இல் லியனார்டு சட்டம் என்று ஒன்று போட்டுத் தனியார் கல்லூரிகளையும் உள்ளே கொண்டுவந்தது. மற்ற இடங்களில் அவர்கள் கொடுத்த வாக்குறுதிதான் கணக்கு. 2024 ஏப்ரல் 18 அன்று நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கூடாரம் போட்டிருந்த மாணவர்களை, நிர்வாகமே போலீஸை அழைத்துக் கைது செய்யவைத்தது. நூறு பேருக்கு மேல். அதற்குப் பிறகு பல பல்கலைக்கழகங்கள் கூடாரம் கூடாது, இந்த நேரத்தில் மைக் கூடாது, இந்த இடத்தில் மட்டும் நில் என்று விதிகளை இறுக்கிவிட்டன. இடம், நேரம், முறை ஆகியவற்றுக்கு விதி போடலாம், என்ன பேசுகிறாய் என்பதைத் தொடக் கூடாது என்பது இங்கே பழைய கொள்கை. இடத்தையும் நேரத்தையும் சுருக்கிக்கொண்டே போனால் பேச்சும் தானாகக் குறையும் என்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

மஞ்சூர்_கடைசி_பஸ்:

அயோவா வரைக்கும் போய்விட்டு வந்தாயிற்று. வெள்ளிக்கிழமை இங்கே வந்துகொண்டிருக்கிறது. பிள்ளை நாளைக்குக் காலையில் என்ன செய்ய வேண்டும், அதை யாராவது சொல்லுங்கள்.

ஆபீஸ்_ரூம்:

நான் சொல்கிறேன். வேறொரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. இந்தப் படிவங்கள் எப்படிப் பிறக்கின்றன என்று உங்களுக்குத் தெரியாது.

கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு தரும் நாக் (NAAC) குழு வருகிறது என்றால் மாணவர் நடத்தை விதிகள் என்று ஒரு ஆவணம் இருக்க வேண்டும். யாரும் உட்கார்ந்து யோசித்து எழுதுவதில்லை. இன்னொரு கல்லூரியின் இணையதளத்திலிருந்து எடுத்து, பெயரை மாற்றி, ஃபைலில் போட்டுவிடுவோம். சில சமயம் பழைய கல்லூரிப் பெயர் நடுவில் அப்படியே கிடக்கும். அது பாட்டுக்குக் கிடக்கும், ஏதாவது பிரச்சினை வந்ததும் தூசி தட்டி வெளியே எடுப்போம். அதனால் வக்கீல் சார் சொன்ன கேள்வி அலுவலகத்தை உண்மையிலேயே திணறடிக்கும்: எந்தத் தேதியில், எந்தக் குழுவில், எந்தத் தீர்மானத்தில் இது நிறைவேறியது? பல இடங்களில் பதில் இருக்காது.

ஹால் டிக்கெட்டை இணைப்புக் கல்லூரிகளுக்கு அனுப்புவது பல்கலைக்கழகம். வருகைப் பதிவு குறைவு, கட்டண பாக்கி, முறையாக விசாரித்த ஒழுங்கு நடவடிக்கை, இவற்றுக்காக நிறுத்துவதைப் பார்த்திருக்கிறேன். உறுதிமொழிப் படிவம் தரவில்லை என்று நிறுத்தி ஒரு ஹால் டிக்கெட்டையும் பார்த்ததில்லை. தன்னாட்சிக் கல்லூரி என்றால் தேர்வு அவர்கள் கையில், கொஞ்சம் ஜாக்கிரதை.

'தர மாட்டேன்' என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் கீழ்ப்படியாமை என்று ஃபைல் எழுதலாம். 'விளக்கம் கேட்டிருக்கிறேன்' என்று சொல்லுங்கள். அதற்கு எங்களிடம் ஃபைல் கிடையாது. கடிதத்தை நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். சீல் தரவில்லை என்றால் ஸ்பீட் போஸ்ட்.

அதற்கும் பதில் இல்லை என்றால் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2023 குறைதீர்ப்பு விதிகள் இருக்கின்றன. கல்லூரியில் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருந்தே ஆக வேண்டும், மாணவர் ஒருவரையும் அதில் அழைக்க வேண்டும். 15 வேலை நாளில் அறிக்கை. திருப்தி இல்லை என்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு, அவருக்கு 30 நாள். அரசுக் கல்லூரியோ உதவி பெறும் கல்லூரியோ என்றால் 10 ரூபாய் கட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) மனு போடலாம். நேர்மையாகச் சொன்னால், ஆர்.டி.ஐ. என்ற வார்த்தைக்கு அலுவலகத்தில் இருக்கும் மரியாதை 19(1)(அ)வுக்குக் கிடையாது.

கோத்தகிரி_தகப்பன்:

ஆபீஸ்காரர் பேச்சு எனக்குப் பிடித்திருக்கிறது. என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. முன் அனுமதி கேட்பதில் என்ன தவறு? வீட்டில் கல்யாணம் என்றாலும் மைக் செட்டுக்கு போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துத்தானே வைக்கிறோம்?

ஓய்வு_வாத்தியார்:

நல்ல கேள்வி. மைக் செட்டுக்கு எழுதிக் கொடுக்கும்போது என்ன பாட்டு போடுவாய் என்று கேட்கிறார்களா? இத்தனை மணி வரை என்று மட்டும்தான் சொல்வார்கள். கல்யாணத் தேதிக்குள் பதிலும் சொல்லிவிடுவார்கள்.

நான் துறைத்தலைவராக இருந்தபோதும் சுவர் இதழை ஒட்டுமுன் பார்ப்பேன். ஒரு ஆசிரியர் படிப்பார், அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடுவார். ஏதாவது வேண்டாம் என்றால் ஏன் என்று ஓரத்தில் எழுதுவார். பிள்ளைகள் சண்டை போடுவார்கள். பாதி நேரம் அவர்கள் ஜெயிப்பார்கள். அனுமதி என்ற முறையில் எனக்கு மறுப்பு இல்லை. எத்தனை நாளில் பதில், மறுத்தால் யார் காரணம் எழுதுவார், யாரிடம் மேலே போவது, இவை இல்லாத அனுமதியைத்தான் ஏற்க முடியாது. கூடலூர்த் தம்பியின் நாடகம் அப்படித்தான் போயிற்று. யாரும் தடை செய்யவில்லை. கேட்டால் இன்றைக்கும் "நாங்கள் தடுக்கவில்லையே" என்பார்கள்.

குன்னூர்_வக்கீல்:

கோத்தகிரி ஐயா சொன்ன 2003 தீர்ப்பு உண்மைதான். அது கட்சி சார்ந்த வளாக அரசியலைப் பற்றியது. விலைப்பட்டியலுக்கு அதை நீட்ட முடியாது என்று வாதாடலாம். வாத்தியார் சொன்னதோடு நான் சேர்ப்பது: 1989-இல் ரங்கராஜன் வழக்கு. ஒரு தமிழ்ப் படத்துக்குத் தடை கேட்டு வந்தது. ஆபத்து எங்கோ தொலைவில் இருக்கக் கூடாது, பேச்சோடு நேரடித் தொடர்பு இருக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். கலவரம் வரும் என்ற மிரட்டலுக்குப் பயந்து பேச்சை அடக்க முடியாது, அதைச் சமாளிப்பது அரசின் கடமை என்றும் சொன்னது. "இன்று போஸ்டர், நாளை கத்தி" என்ற வரிசைக்கு இதுதான் பதில்.

கோத்தகிரி_தகப்பன்:

சரி, வாதாடுங்கள். நான் ஒரு வழி சொல்கிறேன். பேங்கில் கடன் பத்திரமும் ஃபேக்டரியில் இலை ஒப்பந்தமும் பார்த்துப் பழகியவன் நான். பிடிக்காத வரி இருந்தால் பத்திரத்தைத் தூக்கிப் போட மாட்டோம். அந்த வரியை மட்டும் அடித்து, பக்கத்தில் சின்னக் கையெழுத்து. மீதிக்குச் சம்மதம் என்று அடியில் பெரிய கையெழுத்து. ராகிங் செய்ய மாட்டேன், சுவரைக் கிறுக்க மாட்டேன் என்றால் போடட்டுமே. களங்கம், ஹால் டிக்கெட், அட்மின் வரிகளை அடித்துவிடலாம். அப்பாவும் அதே இடத்தில் கையெழுத்துப் போட்டால் பிள்ளை தனியாக நிற்கவில்லை என்று அவர்களுக்குப் புரியும்.

பிறகு இன்னொன்று, மகளே. அந்தப் பட்டியலில் என் ரசீது இல்லை. என் ஃபேக்டரி கொடுக்கிற விலையையும் கேட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

பச்சை_இலை:

எல்லோருக்கும் நன்றி. வியாழக்கிழமை இரவு அப்பாவிடம் முழுதும் படித்துக் காட்டினேன். அப்பா முதலில் மஞ்சூர் அண்ணன் கட்சி. கோத்தகிரி ஐயா எழுதியதைக் கேட்டதும் பேனாவை வாங்கிக்கொண்டார். மூன்று வரிகளை அடித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். அதோடு என் கடிதம்: சர்க்குலர் எந்த விதியின் கீழ், எந்தத் தீர்மானப்படி வந்தது? 'களங்கம்' என்பதில் எவை அடங்கும்? அனுமதி கேட்டால் எத்தனை நாளில் பதில் கிடைக்கும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் தருவார்களா? கழற்றிய சுவர் இதழ் இப்போது எங்கே?

வகுப்பில் ஒன்பது பேர் அதே மாதிரி கொடுத்தோம். அலுவலகத்தில் முதலில் வாங்கவில்லை. 'விளக்கம் கேட்டிருக்கிறோம்' என்று சொன்னதும் சூப்பரின்டெண்டென்ட் உள்ளே போய்விட்டு வந்து சீல் போட்டுக் கொடுத்தார். துறைத்தலைவர் தனியாகக் கூப்பிட்டு, "பரீட்சை நேரத்தில் இதெல்லாம் எதற்கு?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, பயந்த மாதிரிதான் இருந்தது. திங்கள்கிழமை அறிவிப்புப் பலகையில் அதே சர்க்குலர் மறுபடி வந்தது, ஹால் டிக்கெட் வரி மட்டும் இல்லை. ஏன் எடுத்தார்கள் என்று ஒரு குறிப்பும் இல்லை. களங்கம் அப்படியே இருக்கிறது. கடிதத்துக்குப் பதில் வரவில்லை. சுவர் இதழும் வரவில்லை.

அடுத்த இதழை எழுதி அனுமதிக்குக் கொடுத்திருக்கிறோம், தேதி போட்டு, நகலில் சீல் வாங்கி. மினி பஸ் நேரங்களைப் பற்றி ஒரு பக்கம், பசுந்தேயிலை இன்னொரு பக்கம். இந்த முறை பதினொரு ரசீது.

ஆபீஸ்_ரூம்:

வரியை எடுத்தார்கள் என்றால் யாரோ பல்கலைக்கழகத்துக்கு போன் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். பழைய சர்க்குலரின் போட்டோ வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இன்றைக்கே வகுப்பில் யாரிடமாவது வாங்கி வையுங்கள்.

மஞ்சூர்_கடைசி_பஸ்:

ஒன்பது பேரா! எங்கள் காலத்தில் இரண்டு பேர் சேர மாட்டோம். இன்டர்னல் மார்க் வந்ததும் இங்கே சொல்லும்மா. அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் கட்சி மாறுவேன்.

கூடலூர்க்காரன்:

அதே படிவம் இன்று எங்கள் கல்லூரிக்கும் வந்துவிட்டது. ஆபீஸ்காரர் சொன்ன மாதிரியே, இரண்டாம் பக்கத்தில் வேறொரு கல்லூரியின் பெயர் அப்படியே இருக்கிறது. தங்கச்சி, அந்தக் கடிதத்தை அனுப்ப முடியுமா?

பச்சை_இலை:

அனுப்பிவிட்டேன் அண்ணா. நான்காவது கேள்வியில் சுவர் இதழுக்குப் பதிலாக நாடகம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். அந்த இரண்டாம் பக்கத்தை முதலில் போட்டோ எடுத்துவிடுங்கள்.